ஏரிக்கரைப் பெற்றோரும் வகுப்பறை இணையப் பக்கமும்

பழவேற்காடு ஏரியைச் சார்ந்து வாழும் மீனவர் சிற்றூர்களுள் தோணிரேவும் ஒன்று. தோணி நாம் நன்கறிந்த சொல். ரேவு என்பது துறை எனப் பொருள்படும் தெலுங்குச் சொல். தோணிகள் வந்து அணையும் துறை என ஊர்ப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். இரு மொழிகள் கலந்து நிற்கும் இப்பெயரே அவ்வூர் எத்தகைய எல்லைநிலத்தில் அமைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்பகுதி மட்டுமே திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அடங்கும். 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியதையும், மரக்காயர் வணிகம் இத்துறையில் செழித்திருந்ததையும் வரலாறு பயில்வோர் அறிவர். அவற்றை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வூர்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும், அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வழி யாது என்பதையும், அவ்வழியில் இணையம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதையுமே ஈண்டு ஆராய எண்ணுகிறோம்.

ஆசிரியரும் பெற்றோரும் சந்திப்பதில்லை என்பது எல்லா ஊர்களிலும் கேட்கும் குறைதான். நகரத்தில் அதற்குக் காரணம் நேரமின்மை என்பர். ஏரிக்கரையில் காரணம் நேரமின்மை அன்று, நேர வேறுபாடு. இரவில் வலை போட்டவர் விடியலில் கரை சேர்கிறார். பிடித்த மீனும் இறாலும் நண்டும் வெயில் ஏறுமுன் ஏலம் போகவேண்டும். பின்னர் வலை உலர்த்துதலும் கிழிசல் தைத்தலும் உள்ளன. ஆசிரியர் பேருந்தில் வந்து இறங்கும் வேளையில் தந்தை உறங்கச் செல்கிறார். தாய் மீன்கூடையுடன் சந்தைக்குச் சென்றுவிட்டார். மாலையில் ஆசிரியர் பேருந்து ஏறும் வேளையில் தந்தை மீண்டும் தோணியைத் தள்ளுகிறார். ஓர் ஊரிலேயே இரண்டு நாள்காட்டிகள் நடைபெறுகின்றன எனலாம். பள்ளியின் நாள்காட்டி மணியைப் பார்க்கிறது. ஏரியின் நாள்காட்டி நீரோட்டத்தையும் பருவத்தையும் பார்க்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது பிள்ளை ஒன்றே. ஆகையால் இருதரப்புச் செய்தியையும் சுமப்பதும் பிள்ளையே ஆகிறது.

செய்தி சுமக்கும் பிள்ளை எத்தகைய தூதன் என்பதைக் கூறவேண்டியதில்லை. தனக்கு நன்மை தரும் செய்தியைச் சேர்ப்பான். மற்றதைப் பையிலேயே வைத்துக்கொள்வான். அதற்காக அவனைக் குறை கூறுதல் தகாது. தூதும் தானே, தூதின் பொருளும் தானே என்னும் நிலையில் எவரும் அப்படித்தான் நடந்துகொள்வர்.

கடம்பத்தூர் முதல் இன்று வரை

பெற்றோரைப் பள்ளிக்கு அழைக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்னும் இயக்கம் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில் நடைபெற்றது. அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த கடம்பத்தூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அதாவது பழவேற்காட்டின் மாவட்டத்திலேயே உள்ளது. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என ஊரார் முன் பட்டியல் வைக்கப்பட்டது. சுண்ணாம்படிப்பதும், பலகை வாங்குவதும், பிள்ளைகளுக்குச் சீருடை தருவதும் எனத் தம்மால் இயன்றதை ஊரார் ஏற்றுக்கொண்டனர். அவ்வியக்கத்தின் வெற்றியைப் பலர் நன்கொடையின் அளவைக் கொண்டு மதிப்பிடுவர். எமது கருத்தில் அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஆசிரியர் தம் தேவையை மறைக்காமல் பெற்றோரிடம் சொன்னார். பெற்றோர் அதற்கு மறுமொழி சொன்னார். பேச்சு இருவழியாக நடந்தது.

பின்னர் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வந்தன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைச் சட்டப்படியான அமைப்பாக்கியது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் கூட்டி, அக்குழுக்களைப் புதுப்பிக்கும் பணி தொடங்கப்பட்டது. அமைப்பு உண்டு, சட்டம் உண்டு, கூட்டமும் உண்டு. ஆனால் கூட்டம் பகலில் நடைபெறுகிறது. கூட்டத்திற்கு வர இயலாதவரிடம் கூட்டத்தைக் கொண்டு செல்வது எவ்வாறு என்பதே எஞ்சியுள்ள வினா.

வகுப்பறைக்கு ஓர் இணையப் பக்கம்

இந்த வினாவுக்கு உலகின் பல பகுதிகளில் ஆசிரியர்கள் கண்ட விடைகளுள் ஒன்று வகுப்பறை இணையப் பக்கம். ஒரு வகுப்புக்கு உரிய செய்திகளை அவ்வகுப்பின் ஆசிரியரே ஓரிடத்தில் எழுதி வைக்கிறார். இவ்வாரம் நடத்தும் பாடம், வீட்டுப்பாடம், தேர்வு நாள், விடுமுறை, கொண்டுவர வேண்டிய சான்றுகள், நிரப்ப வேண்டிய படிவம் ஆகியன அதில் இடம்பெறும். பெற்றோர் தாம் விரும்பிய வேளையில் அதனைத் திறந்து பார்க்கலாம். நள்ளிரவிலும் பார்க்கலாம், விடியலில் கரையில் அமர்ந்தும் பார்க்கலாம். நேர வேறுபாடு உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்று முதலில் தோன்றும்.

கருவியும் இன்று எளிதாகிவிட்டது. உலகளாவிய வலை 1991இல் பொதுமக்களுக்குத் திறந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றும் பணியில் முன்னோடியாக விளங்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. ஒரு கணினியில் தட்டிய தமிழ் மற்றொன்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தை மூத்த பேராசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒருங்குறி பரவியபின் அந்த இடர் நீங்கியது. இப்பொழுது ஓர் ஆசிரியர் செலவேதுமின்றி, நிரல் எழுதத் தெரியாமலேயே, ஒரு மாலைப்பொழுதில் தம் வகுப்புக்குத் தமிழில் ஒரு பக்கம் அமைத்துவிட முடியும்.

எனினும் அப்பக்கத்தைப் பார்க்கும் வீடு எத்தகையது என்பதையும் நோக்கவேண்டும். 2017-18இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடமே கணினி இருந்ததாகவும், 14.9 விழுக்காட்டினருக்கே இணைய வசதி இருந்ததாகவும் காட்டியது. அதன்பின் கைப்பேசி வெகுவாகப் பரவியிருக்கிறது. கணினி அவ்வாறு பரவவில்லை. ஆகவே ஏரிக்கரையில் இணையப் பக்கம் என்றால் உள்ளங்கை அளவுத் திரையில் தெரிவது என்றே கொள்ளவேண்டும். அத்திரையும் வீட்டுக்கு ஒன்று. அதுவும் பெரும்பாலும் தந்தையின் சட்டைப்பையில், ஏரியின் நடுவில் இருக்கும்.

காத்திருக்கும் பக்கமும் தேடிவரும் செய்தியும்

இணையப் பக்கம் அமைத்துவிட்டால் பெற்றோர் வந்து பார்ப்பர் என்னும் நம்பிக்கை மேலைநாடுகளிலேயே பொய்த்துப்போனது. இதை விளக்கும் ஆய்வு ஒன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளில் நடைபெற்று 2020இல் வெளிவந்தது. பிள்ளை வகுப்புக்கு வராவிட்டாலோ வீட்டுப்பாடம் தராவிட்டாலோ பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு அது. இணையதளத்திற்குச் சென்று பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கூறப்பட்ட பெற்றோருள் நூற்றுக்கு ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. ஒரு குறுஞ்செய்திக்கு மறுமொழி அனுப்பினாலே போதும் என்று கூறப்பட்டவருள் 8 விழுக்காட்டினர் சேர்ந்தனர். பள்ளியே சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று கூறியபோது 96 விழுக்காட்டினர் அதில் நிலைத்திருந்தனர். மூன்று பிரிவிலும் இருந்தோர் அதே நகரத்துப் பெற்றோர். அவர்தம் அக்கறையில் வேறுபாடில்லை. வேறுபட்டது அவர்கள் ஏறவேண்டிய படிகளின் எண்ணிக்கை மட்டுமே. பதிவு செய்யாத பெற்றோரைக் கண்டு ‘இவர்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறையில்லை’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோர் இந்த எண்களை நினைவிற் கொள்ளுதல் நன்று.

செய்தி தேடிவந்தால் பயன் விளையுமா? மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் 22 பள்ளிகளில் பெர்க்மன், சான் ஆகிய இருவர் நிகழ்த்திய ஆய்வில், இத்தகைய குறுஞ்செய்திகள் கிடைத்த வீட்டுப் பிள்ளைகள் பாடங்களில் தவறுவது 28 விழுக்காடு குறைந்தது. வகுப்பு வருகை 12 விழுக்காடு கூடியது. மாநிலப் பொதுத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். செய்தி பிள்ளையை வகுப்பில் அமர்த்தும். கற்பிப்பது ஆசிரியரின் கையில்தான் உள்ளது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஆப்பிரிக்காவின் போட்சுவானாவிலிருந்து கிடைக்கிறது. 2020இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் எளிய கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு அக்குறுஞ்செய்தியோடு ஆசிரியர் தொலைபேசியில் அழைத்துப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் ஏறத்தாழ இருபது நிமிடம் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் பெற்றோரிடத்துக் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. குரலும் சேர்ந்த இடத்தில் பிள்ளைகளின் கணக்கறிவு உயர்ந்தது. எழுத்து செய்யாததைக் குரல் செய்தது.

எழுத்தறிவு குறைந்த பெற்றோர் மிகுந்த ஏரிக்கரைக்கு இவ்வுண்மை இன்றியமையாதது. அங்கே ஆசிரியர் எழுதிய பக்கத்தைத் தாய்க்குப் படித்துக் காட்டுபவர் யார்? அந்தப் பிள்ளையேதான். முன்பு பையில் கிடந்த தாள் இப்பொழுது திரையில் கிடக்கிறது, தூதன் மாறவில்லை. ‘மூன்று நாள்களாக உங்கள் மகன் பள்ளிக்கு வரவில்லை’ என்னும் செய்தியை அந்த மகன் எவ்வாறு படித்துக் காட்டுவான் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே தோணிரேவு போன்ற ஊரில் வகுப்பறைப் பக்கத்தின் ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஆசிரியரின் குரல்பதிவு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது எமது முடிவு. ஒரு நிமிடம் போதும். அதனைத் தொட்டால் ஒலிக்க வேண்டும். அப்பதிவே வாட்ஸ்அப் வழியாகப் பெற்றோரின் கைப்பேசிக்கும் செல்லவேண்டும். பக்கம் நிலையான ஏடாக இருக்கட்டும், குரல் நடமாடட்டும்.

ஆசிரியரின் தமிழ்

குரலாக இருந்தாலும் எந்தத் தமிழில் பேசுவது என்னும் வினா எழுகிறது. தமிழ்த்துறை மலரில் இதனைச் சற்று விரிவாகவே பேசலாம். பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் சுற்றறிக்கைகளின் நடை பின்வருமாறு இருப்பதை நாம் காண்கிறோம்: ‘இதனால் அனைத்துப் பெற்றோர்க்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வெழுத விழையும் எட்டாம் வகுப்பு மாணாக்கர் உரிய சான்றுகளுடன் குறிப்பிட்ட காலவரையறைக்குள் விண்ணப்பித்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கேட்பவருக்கு இதனால் எதுவும் விளங்குவதில்லை. எவ்வளவு தொகை, என்ன சான்று, எந்த நாள், யாரிடம் என்னும் நான்கும் இதில் இல்லை.

அதே செய்தியை ஆசிரியை இவ்வாறு பேசிப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம்: ‘அம்மா, வணக்கம். எட்டாம் வகுப்பு டீச்சர் பேசுகிறேன். உங்கள் பிள்ளை ஓர் உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். அதில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கியில் வரும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். சான்று வாங்குவதில் இடையூறு இருந்தால் இதே எண்ணுக்குப் பேசி அனுப்புங்கள். இரவில் கேட்டுவிட்டுக் காலையில் பதில் சொல்கிறேன்.’

இரண்டாவது செய்தியைக் கேட்டுத் தாய் எழுந்து நிற்பார். இதில் அடங்கியுள்ள தொகையைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பயிலும், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்துக்கு மேற்படாத பிள்ளைகளுக்கான திட்டம் இது. ஏரியில் வலை போடும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டது போன்றது. தேர்வில் வெல்வது பிள்ளையின் திறம்; ஆனால் விண்ணப்பம் போவது பெற்றோருக்குச் செய்தி போவதைப் பொறுத்தது. தேர்வில் வென்றபின்னும் பணி முடிவதில்லை. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். அதனோடு ஆதார் இணைய வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஏதேனும் ஓராண்டில் புதுப்பிக்கத் தவறினால் அவ்வாண்டின் 12,000 ரூபாய் இல்லை. மீன்பாடு குறைந்த ஆண்டில் அத்தொகை ஒரு பிள்ளை பள்ளியில் நிற்பதா, தோணியில் ஏறுவதா என்பதையே முடிவு செய்துவிடும். வருமானச் சான்றுக்காகப் பொன்னேரி வரை இருமுறை அலைய நேர்ந்தால் இரண்டு நாள் மீன்பாடு போயிற்று. எந்தெந்தத் தாள்களைக் கையோடு கொண்டு செல்லவேண்டும் என்பதை வகுப்பறைப் பக்கம் படத்துடன் காட்டிவிட்டால் அந்த இரண்டாம் பயணம் மிச்சமாகும். வகுப்பறைப் பக்கத்தில் ஒரே ஒரு செய்திக்குத்தான் இடம் உண்டு என்று யாரேனும் கூறினால், நாம் இதனையே தேர்ந்தெடுப்போம்.

ஏரிக்கரை மக்களுக்குச் செய்தி முறை தெரியாது என எவரும் கருதிவிடலாகாது. பழவேற்காட்டில் ‘பாடு’ என்னும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வர். எழுத்தில்லாமலேயே ஒவ்வொருவருக்கும் தம் முறை மனப்பாடம். ‘எனக்குத் தெரியாது’ என்று எவரும் கூற இயலாது. ஏனெனில் எல்லார் முன்னிலையிலும் குலுக்கப்பட்ட சீட்டு அது. அதே வேளையில் ஏரியைச் சார்ந்த எல்லா ஊரினரும், எல்லாச் சமூகத்தாரும் அம்முறைக்குள் வரவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். முறைப்பட்டியலில் இல்லாதவர் கரையோரத்தில் கையால் இறால் தடவியும், நண்டு பிடித்தும், பனையோலை முடைந்தும் பிழைக்கின்றனர். வகுப்பறைப் பக்கம் அமைப்போர் இவ்விரு செய்திகளையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். பள்ளியின் தேதிகளைப் பாட்டு முறைபோல் எல்லாரும் அறிய ஒரே நாளில் சொல்லவேண்டும் என்பது ஒன்று. பட்டியலில் எவர் வீடும் விடுபடலாகாது என்பது மற்றொன்று. கைப்பேசி இல்லாத வீடு எப்பொழுதும் வறிய வீடாகவே இருக்கும். இணையத்தை மட்டும் நம்பினால் முதலில் விடுபடுவது அவ்வீடுதான்.

ஆகையால் பழைய வழிகளையும் கைவிடலாகாது. ஊர்களில் தண்டோரா போட்டுச் செய்தி அறிவிக்கும் வழக்கம் மனித மாண்புக்கு ஏற்றதன்று எனக் கருதி, அதனை நிறுத்துமாறு தமிழ்நாட்டு அரசு 2022இல் அறிவுறுத்தியது, அது முறையே. ஆனால் தேவாலய மணி உண்டு, கோயில் ஒலிபெருக்கி உண்டு, பள்ளிவாசலில் தொழுகைக்குப்பின் அறிவிக்கும் வழக்கமும் உண்டு. கல்விக்கூடத்தையும் இறையில்லத்தையும் பள்ளி என்னும் ஒரே சொல்லால் வழங்குவது நம் தமிழ். ஒரு பள்ளியின் தேர்வு நாளை மற்றொரு பள்ளியில் அறிவிப்பதில் தடை என்ன இருக்கிறது? 1971 முதல் ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலங்கள் எழும்புகின்றன. ஏவும் நாளில் கடலுக்குள் செல்லவேண்டாம் என்னும் அறிவிப்பு குப்பங்களுக்குத் தப்பாமல் வந்து சேர்கிறது. அறிவிக்க வேண்டும் என்று உறுதிகொண்டவர் இருந்தால் செய்தி எந்தத் தீவையும் எட்டும் என்பதற்கு இது போதிய சான்று.

பக்கத்தில் இடம்பெறக் கூடாதவை

எல்லாவற்றையும் எழுதிவிடுவதும் தவறு. மதிப்பெண் பட்டியலை வகுப்பு முழுவதற்கும் தெரியும்படி வெளியிடுதல் பிள்ளையை ஊர்நடுவே நிறுத்துவதாகும். சிற்றூரில் ஒருவர் மற்றவருக்கு உறவினர். ஒருவர் பிள்ளையின் எண் அன்று மாலையே ஏலக்கரையில் பேசப்படும். வருகைக் குறைவு, கட்டணப் பாக்கி, சாதிச் சான்று, உடல்நலக் குறை ஆகியன அந்தந்தப் பெற்றோரிடம் தனியே பேசவேண்டியவை. பிள்ளைகளின் ஒளிப்படங்களைப் பொதுவில் இடுவதற்கு முன் பெற்றோரின் இசைவைப் பெறல் வேண்டும். இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவுகளைக் கையாள்வதற்குப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. சட்டம் இல்லாவிடினும் ஒரு தாய் இதனை எதிர்பார்ப்பார்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியும் ஒரு சொல். அறிவிப்புக்கு அவை ஏற்றவை. உரையாடலுக்கு ஏற்றவை அல்ல. காலை வணக்கப் படங்களும் அரசியல் துணுக்குகளும் குவிந்து, தேர்வு நாள் எங்கோ மேலே மறைந்துவிடுகிறது. ஆசிரியர் மட்டுமே எழுதக்கூடியதாகக் குழுவை அமைத்து, பெற்றோர் தனியே மறுமொழி அனுப்ப வழி வைத்தல் நன்று. மறுமொழிக்கு வழி இல்லாத பக்கம் எவ்வளவு அழகாயிருந்தாலும் சுவரொட்டிதான். ‘நாளை ஏரியின் வடபகுதிக்குத் தொழிலுக்குப் போகிறோம், பத்து நாள் பிள்ளை பாட்டி வீட்டில் இருப்பான்’ என்று ஒரு தந்தை பேசி அனுப்பினால், அந்தப் பத்து நாளும் ஆசிரியர் அப்பிள்ளையை வேறு கண்ணால் பார்ப்பார். அச்செய்தி வராதிருந்தால் வருகைப் பதிவேட்டில் பத்துச் சுழிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இவ்வளவும் ஆசிரியரின் தலைமேல் விழும் சுமையல்லவா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. கேள்வி நேர்மையானது. வருகையைச் செயலியில் ஏற்றுவதும், நலத்திட்டப் பட்டியலை நிரப்புவதும் ஏற்கெனவே அவர்தம் வேளையை உண்கின்றன. எனவே வகுப்பறைப் பக்கம் மற்றுமொரு பதிவேடாக ஆகிவிடலாகாது. வாரத்திற்கு ஒரு நாள், அரை மணி நேரம், மூன்று செய்திகள், மூன்று குரல்பதிவுகள் என்னும் அளவே போதுமானது. இதனை மேலதிகாரிக்கு அறிக்கையாக அனுப்பவேண்டிய தேவையும் இருத்தலாகாது. பெற்றோரின் குரலைக் கேட்பதற்கு நாளில் ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு, மற்ற வேளைகளில் கைப்பேசியை மறந்திருக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. ஊரில் படித்த இளைஞரும் துணை நிற்கலாம். கொள்ளைநோய்க் காலத்து இழப்பை ஈடுசெய்ய அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பம் என்னும் ஊரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாலை வேளையில் ஊர்த் தன்னார்வலரே பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அத்தகைய தன்னார்வலர் ஒருவர், கைப்பேசி இல்லாத தாய்மாருக்கு வாரத்தில் ஒருமுறை அக்குரல்பதிவுகளைத் திண்ணையில் அமர்ந்து ஒலிக்கச் செய்தால், பிள்ளை தூது செல்லவேண்டிய தேவை நீங்கிவிடும். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாமுக்குச் செல்லும் ஊர்களில் இப்பணியை ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்பது எமது விருப்பம்.

நடைமுறையில் முதல் இடர் மிகச் சிறியதாகவே இருக்கும். ஜூன் மாதச் சேர்க்கைப் படிவத்தில் எழுதிய கைப்பேசி எண், மழைக்காலத்துக்குள் செயலற்றுப் போயிருக்கும். பணம் செலுத்தாததால் இணைப்பு அறுந்திருக்கும். அல்லது கைப்பேசி ஏரியில் விழுந்திருக்கும். புதிய எண்ணைப் பள்ளிக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகையால் மாதத்தின் முதல் வாரத்தில் வகுப்பாசிரியர் எண்களை ஒருமுறை அழைத்துச் சரிபார்க்க வேண்டும். மறுமொழி வராத வீடுகளின் பெயரைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு, அன்று மாலை தோணிகள் கிளம்புமுன் எவரேனும் ஒருவர் அவ்வீடுகளுக்கு நடந்து சென்று வரவேண்டும்.